ஆறெழுத்துச் சொல்

வியாழன் இரவு, பக்கம் அச்சுக்குப் போகும் நேரம்.
தலைப்பில் மிச்சமிருந்தது
ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு இடம்.
வீரத்துக்கு எங்களிடம் சொற்பஞ்சமில்லை.
ஒன்று நீளம், பத்தியை மீறிப் போகிறது.
ஒன்று ஐந்தெழுத்து, ஓரத்தில் பல் போன இடம்போல் இளிக்கிறது.
இருப்பதில் கம்பீரமானதைத்
தீயணைப்புக்காரர்களுக்கு
மேல்செய்தியிலேயே கொடுத்தாயிற்று.

ப்ளக்கி என்று போட்டேன்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
விளக்கை அணைத்துவிட்டு
மழையில் வீட்டுக்கு நடந்தேன்.

திங்கள் காலை
இஷ்பெல் லெய்ட்லா வந்தார்.
நான்கடி பத்தங்குலம், அறுபத்தொரு வயது,
ஹை ஸ்ட்ரீட் கறிக்கடையில் கத்தி பிடிப்பவர்.
டீவியட் ஆறு கரை தாண்டிய அன்று
ஆண்களுக்கு இடுப்பளவும் அவருக்கு மார்பளவுமாக
ஓடிய தண்ணீரில் இறங்கி
எலும்பு வெட்டும் கத்தியின் முதுகால்
தபால் வேனின் கண்ணாடியை உடைத்து
கில்மரைக் காலரோடு இழுத்துப் போட்டவர்.

உட்காரவில்லை.
பழுப்புத்தாள் பொட்டலம் ஒன்றை
என் விசைப்பலகைமேல் வைத்தார்.
பிரித்தேன்.

ஆட்டின் மூச்சுக்குழல்.
அதில் தொங்கும் நுரையீரல்,
இடுக்கில் இதயம், கீழே
கறுத்து மினுங்கும் கல்லீரல்.
ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல்
ஒரே குலையாக.

"ப்ளக்" என்றார்.
"கடையில் இதற்கு அதுதான் பேர்.
கீறி, முழங்கைவரை உள்ளே விட்டு
ஒரே பிடுங்கு.
ஹாகிஸ் கிண்ட வாங்குவார்கள், நாய்க்கு வாங்குவார்கள்.
நீ எழுதிய சொல் இதிலிருந்து வந்ததுதானே?
தப்பென்று சொல்ல வரவில்லை.
இதை வேறு யார் யாருக்குக் கொடுத்தாய்?
அதைக் காட்டு."

பழைய இதழ்களைக் கணினியில் தேடினேன்.
ஒன்பது கோல் வாங்கித் தோற்ற பள்ளி அணி.
கைப்பை பறித்தவனைக் குடையால் அடித்த ஓய்வூதியக்காரி.
மருந்தில் முடியுதிர்ந்த ஏழு வயதுச் சிறுமி,
அவளுக்கு மட்டும் மூன்று முறை.
கால் ஒன்று போன பூனை.
ஒரு தளபதி இல்லை.
ஆறடி உயரத்தில் ஒருவருமில்லை.
ஜெயிப்பார்களென்று யாரும் பந்தயம் கட்டாதவர்களை
உச்சந்தலையில் தட்டிக்கொடுக்க
நாங்கள் ஒதுக்கிவைத்த சொல்.
குனிந்துதான் கொடுக்க முடியும் அதை.

என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தவர் கேட்டார்:
"பூனை பிழைத்ததா?"
தெரியவில்லை.
அடுத்த வாரச் செய்தியை யாரும் எழுதவில்லை.

பிறகு கல்லீரலின் விளிம்பை
ஒரு விரலால் தொட்டார். அது குலுங்கியது.
"தண்ணீரில் நிற்கும்போது
ஈரக்குலை இப்படித்தான் நடுங்கிற்று.
நடுக்கம் நின்றபின் போகலாமென்றிருந்தால்
கில்மர் கடல்வரை போயிருப்பார்.
ஆட்டுக்கறி பை வாங்கிய கணக்கில்
நாலு பவுண்டு எண்பது பாக்கி வேறு."

திருத்தம் போடட்டுமா என்றேன்.
வீரமிக்க? அஞ்சாத? நெஞ்சுரம் கொண்ட?
ஒவ்வொன்றுக்கும்,
எடை சரியில்லாத கறியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எத்தனை எழுத்துக்கு இடமென்றாய்?"
ஆறு.
"என் பேர் ஆறெழுத்து" என்று
கதவைத் திறந்துகொண்டு போனார்.

எண்ணிப் பார்த்தேன், விரல்விட்டு.

பொட்டலத்தை அவர் எடுத்துப் போகவில்லை.
அன்றிரவு வெங்காயத்தோடு வேகவைத்தேன்,
உப்பு கொஞ்சம் தூக்கல்.
விசைப்பலகையைத் துடைத்துத் துடைத்தும்
ப்ளக்கியின் முதலெழுத்து மட்டும்
இன்னும் ஒட்டிக்கொள்கிறது.
அழுத்தினால்
மேலே எழும்ப
நேரமெடுக்கிறது.